இரண்டே கால் அங்குல அட்டை

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளம் 2¼ அங்குலம். அகலம் 1¼ அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. தடித்த அட்டை. சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. தொலைத்தால் ஊர் போய்ச் சேர முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வயதான யாரிடமாவது "ரயில் டிக்கெட்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே விலகி, இந்த அளவைக் காட்டும்.

இதைக் கண்டுபிடித்தவர் தொழிலில் திவாலான ஒருவர். தாமஸ் எட்மண்ட்சன், இங்கிலாந்தின் லங்காஸ்டரில் மர அலமாரிகள் செய்து பழகியவர். வியாபாரம் நொடித்துப்போன பின், 1830களில், நியூகாசல் – கார்லைல் ரயில் பாதையில் ஒரு சிறு நிலையத்துக்கு அதிகாரியாகப் போனார். அப்போது பயணிக்குக் கொடுத்த சீட்டு குதிரை வண்டிக் காலத்துச் சீட்டு. குமாஸ்தா உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் எழுத வேண்டும். எத்தனை எழுதினார், எவ்வளவு வசூலித்தார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும்.

தச்சர் கை சும்மா இருக்குமா? எட்மண்ட்சன் அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டினார். புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு ஆகியவற்றை முன்கூட்டியே அச்சடித்தார். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டார். விற்கும்போது தேதி பொறிக்க ஒரு சின்ன இயந்திரம் செய்தார். மாலையில் அடுக்கில் மிச்சமிருக்கும் முதல் அட்டையின் எண்ணிலிருந்து காலை எண்ணைக் கழித்தால் விற்ற கணக்கு வந்துவிடும். அந்த எண் பயணியைச் சந்தேகித்து வந்ததல்ல. கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரைச் சந்தேகித்து வந்தது. பாதை நீளத்துக்கு ஏற்ப மைலுக்கு ஆண்டு 10 ஷில்லிங் என்று ரயில் கம்பெனிகளிடம் உரிமைத்தொகை வாங்கினார். திவாலானவர் நிமிர்ந்துவிட்டார்.

பிரிட்டிஷ் கொடி போன இடமெல்லாம் ரயில் போனது. ரயில் போன இடமெல்லாம் இந்த அட்டையும் போனது. மலாயாவுக்கும் வந்தது.

*

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே ரயில் வருமுன் ஆறுதான் சாலை. ஈயத்தை ஏற்றிய படகுகள் கிள்ளான் ஆற்றில் நாள்கணக்கில் ஊர்ந்தன. 1882இல் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் பாதை போட முனைந்து நின்றார். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் குடா வரை முதல் வண்டி ஓடியது. சுமார் 30 கிலோமீட்டர். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி, 1890இல் கிள்ளான் ஊருக்குள் நுழைந்தது. 1901இல் அவர் பெயரிலேயே துறைமுகம் திறந்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம். அதைத்தான் 1972 முதல் போர்ட் கிள்ளான் என்கிறோம்.

இந்த ரயில்வேயில் தமிழர் இரு இடத்தில் இருந்தார்கள். தண்டவாளத்தின் மேல் ஒரு தமிழர். மேசைக்குப் பின்னால் ஒரு தமிழர். மண் வெட்டி, ஜல்லி கொட்டி, சிலிப்பர் கட்டை சுமந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்து, கிளார்க்காகவும் ஸ்டேசன் மாஸ்டராகவும் உட்கார்ந்தவர்கள் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அட்டையில் தேதி குத்தும் இயந்திரம் 'டக்'கென்று அடித்தது அவர்கள் கைக்குக் கீழேதான்.

இருவரும் குடியிருந்த ஊர் பிரிக்பீல்ட்ஸ். பேரிலேயே கதை இருக்கிறது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அத்தாப்புக் கூரையை விட்டுச் செங்கலில் கட்டச் சொன்னது அரசாங்கம். அந்தச் செங்கலைச் சுட்ட காளவாய்கள் இங்கே இருந்தன. பிறகு ரயில்வே யார்டு வந்தது, குவாட்டர்ஸ் வந்தது. 1904இல் விவேகானந்த ஆசிரமம் வந்தது. ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்தார் கந்தசாமி கோயில் எழுந்தது. விடியும் முன் சங்கு, அரசாங்கச் சம்பளம், பிள்ளைக்குப் படிப்பு, கடைசியில் பென்ஷன். பிரிக்பீல்ட்ஸ்காரருக்கு ரயில் ஓடிப்போவதற்கான வண்டி அல்ல. ஓரிடத்தில் ஒழுங்காக உட்காருவதற்கான உத்தியோகம்.

*

உலகத்தின் மறுபக்கத்தில் ரயிலுக்கு வேறு பொருள் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, வேலை தேடியவர்களும் வேலையே வேண்டாம் என்றவர்களும் கூட்ஸ் வண்டிகளில் தொற்றி ஊர் ஊராகப் போனார்கள். ஹோபோ என்று அவர்களுக்குப் பெயர். அந்த வண்டிக்கு டிக்கெட்டே கிடையாது; ஆள் ஏற்றாத வண்டி அது. எழுத்தாளர் ஜாக் லண்டன் 1894இல், பதினெட்டு வயதில், அப்படித் திரிந்தார். நயாகராவுக்குப் பக்கத்தில் போலீஸ் பிடித்து, நாடோடியாகத் திரிந்த குற்றத்துக்கு 30 நாள் சிறையில் போட்டது. ஐயோவா மாநிலத்தில் பிரிட் என்ற சிற்றூரில் 1900இல் முதன்முதலாகக் கூடிய ஹோபோக்களுக்கு இன்று ஆண்டுக் கூட்டமே நடக்கிறது.

இன்றும் ஹோபோக்கள் முழுதாக ஓயவில்லை. இப்போதைய ரயில் தாவிகள் பெரும்பாலும் இளைஞர்கள். ஒட்டுப் போட்ட கறுப்பு உடை, முதுகில் ஒரு மூட்டை, கூடவே ஒரு நாய், காதில் பங்க் இசை. எந்த யார்டில் எந்த வண்டி எந்தத் திசையில் போகும், டிரைவர் மாறுவதற்காக எங்கே நிற்கும் என்று கை மாற்றிக் கை மாற்றி நகலெடுத்த ஒரு குறிப்பேடு அவர்களிடம் உண்டு. அறுவடைக் காலத்தில் சில வாரம் வேலை. காசு வந்ததும் மறுபடி யார்டு. வாடகை வேண்டாம், வங்கிக் கடன் வேண்டாம், முதலாளி வேண்டாம் என்பது அவர்கள் வேதம். சக்கரத்தில் கால் இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. மைக் பிரோடி என்ற இளைஞர் பல ஆண்டு இவர்களோடு திரிந்து எடுத்த புகைப்படங்கள் 2013இல் புத்தகமாக வந்து புகழ் பெற்றன. திரிவதை விட்ட பிறகு புகைப்படக்காரர் என்ன ஆனார்? டீசல் மெக்கானிக் படிப்புப் படித்து வேலைக்குப் போனார்.

நம்மில் சிலருக்கும் இந்தப் படங்களைப் பார்க்கும்போது மனம் கிளம்பத்தான் செய்கிறது. கிள்ளான் ஸ்டேசனில் சிமெண்டு வண்டி கடந்து போகும்போது, இதில் ஏறி உட்கார்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று நினைக்காத பையன் உண்டா? ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் தாவும் கூட்டம் ஒன்று தலையெடுக்கவில்லை. பயந்த சனம் என்று சொல்லிவிடலாம். காரணம் அதுவல்ல. டிக்கெட் இல்லாத பயணம் எப்படி இருக்கும் என்பது நம் சனத்துக்கு முன்பே தெரியும்.

*

சஞ்சிக்கூலி என்ற சொல் மலேசியத் தமிழர் வீட்டில் இன்னும் சாகவில்லை. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறியவர் தன் காசில் ஏறவில்லை. வேறொருவர் கட்டினார். கட்டியவர் கணக்கு எழுதி வைத்தார். கப்பல் கூலி, சாப்பாடு, முன்பணம் எல்லாம் ஆள் தலையில் கடனாக ஏறியது. அது தீரும்வரை, ஒப்பந்தக் காலம் முடியும்வரை, தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது. போனால் குற்றம். பிடித்து வந்தால் சிறை. இலவசமாக வந்த பயணத்தைப்போல விலை கூடிய பயணம் வேறு இல்லை.

சஞ்சி முறை 1910இல் நின்றது. கங்காணியே ஊருக்குப் போய் ஆள் திரட்டிவரும் கங்காணி முறை அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது. இந்திய அரசாங்கம் 1938இல் தடுக்கும்வரை நடந்தது. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவைக் கட்டினார்கள். அந்த நிதிக்குத் தோட்ட முதலாளிகள் ஆள் கணக்கில் பணம் செலுத்தினார்கள். கப்பலை விட்டு இறங்கினால் நோய்த்தடுப்பு முகாம், அங்கிருந்து ரயில், ரயிலை விட்டு இறங்கினால் லயம். அந்த முதல் ரயில் பயணத்திலும் அட்டை அவர் கையில் இருந்திருக்காது. கும்பலாக ஏற்றினார்கள், கும்பலாக இறக்கினார்கள்.

இப்போது அந்த அட்டையைப் பாருங்கள். தோட்டத்தில் சில ஆண்டு பால்மரம் வெட்டிய ஒருவர், ஒரு நாள் விடிகாலையில் கங்காணிக்கும் தோட்டக் குமாஸ்தாவான கிராணிக்கும் தெரியாமல் ஸ்டேசனுக்கு நடக்கிறார். 1920களின் கடைசியில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதில் மிச்சம் பிடித்த சில்லறையை முந்தியிலிருந்து அவிழ்த்துக் கவுண்டரில் வைக்கிறார். 'டக்.' மூன்றாம் வகுப்பு, கோலாலம்பூர். அந்த அட்டையில் அவர் பெயர் இல்லை, தோட்டத்தின் பெயர் இல்லை, கடன் இல்லை. ஓர் எண், ஒரு தேதி, போகும் ஊர். வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் போகும் ஊரைத் தானே சொல்லி, தன் காசைத் தானே கட்டியிருக்கிறார்.

அமெரிக்கப் பையனுக்கு டிக்கெட் வாங்காமல் ஏறுவது கலகம். கிள்ளான் தோட்டக்காரருக்கு டிக்கெட் வாங்கி ஏறியதே கலகம். இருவரும் ஒரே விஷயத்திலிருந்துதான் தப்புகிறார்கள்: என் நேரம் இன்னொருவன் கணக்குப் புத்தகத்தில் இருக்கக் கூடாது. ஒருவனுக்கு அந்தக் கணக்குப் புத்தகம் நகரத்தில் இருந்தது. மற்றவருக்கு அது காட்டுக்குள் தோட்டத்து ஆபீசில் இருந்தது. எனவே ஒருவன் நகரத்தை விட்டு ஓடினான். மற்றவர் நகரத்துக்கு ஓடி வந்தார்.

வாகனத்தில் உட்காருவது இங்கே எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்கு 1941 சாட்சி. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. கூடவே ஒரு வரி: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து. சைக்கிள் அவருடையது, வாங்கிய காசு அவருடையது; ஆனாலும் இறங்க வேண்டியிருந்தது. தலைவர் ஆர்.எச். நாதனை மே மாதம் கைது செய்து நாடு கடத்தினார்கள். ராணுவம் இறங்கியது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் செத்தார்கள். இறங்காமல் போகும் உரிமைக்கும் சேர்த்துத்தான் அந்தச் சாவு.

*

அடுத்த இரண்டே ஆண்டில் கூட்ஸ் வண்டி வந்தது.

சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் பாதை போட, மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியருக்கு ஆள் வேண்டியிருந்தது. ரப்பர் விற்காமல், அரிசி கிடைக்காமல் தவித்த தோட்டங்களில், நல்ல சம்பளம், சாப்பாடு என்று சொல்லிச் சிலரை அழைத்தார்கள். சொல்லாமலே பலரைப் பிடித்தார்கள். இரும்புச் சுவர் வைத்த சரக்குப் பெட்டிகளில் அடைத்தார்கள். பகலில் அடுப்பு, இரவில் குளிர். வடக்கே பல நாள் பயணம். சயாமின் பான்போங்கில் இறக்கி, அங்கிருந்து காட்டுக்குள் நடை. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறையும் பெயர்ப் பலகையும் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு செத்த ஆசியத் தொழிலாளர்களில் மலாயாத் தமிழர் ஏராளம். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார். அந்தப் பெயரைத்தான் எங்கள் வீடுகளில் வரலாறாகவும் சொல்கிறார்கள்.

அந்தப் பயணத்துக்கும் டிக்கெட் கிடையாது. வரிசை எண் இருந்திருந்தால், குறைந்தது எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கழித்துப் பார்த்திருக்கலாம். எட்மண்ட்சன் கணக்கு அங்கே மட்டும் வரவில்லை.

ஆகவே சரக்குப் பெட்டியின் திறந்த கதவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் இளைஞனின் படத்தை ஓர் அமெரிக்கர் பார்ப்பதுபோல் இங்குள்ள தமிழ்ப் பாட்டியால் பார்க்க முடியாது. அவருக்கு அந்தக் கதவு வெளியே தாழிட்ட கதவு.

*

சமூகத்தை உதறிவிட்டுப் போகும் மரபு நமக்கு இல்லாமல் இல்லை. ஆண்டி, பண்டாரம், பரதேசி, தேசாந்திரி என்று ஹோபோவுக்குத் தமிழில் எத்தனை பெயர்! பரதேசி என்ற சொல் துறவியைக் குறித்தது, அயல்நாட்டானைக் குறித்தது, கடைசியில் வசையாகவும் ஆனது. கப்பலேறி வந்த நமக்கு மூன்று பொருளும் பொருந்தும்.

ஆனால் நம் துறவிகளில் மிகப் பெரியவர் டிக்கெட் வாங்கித்தான் போனார். 1896 ஆகஸ்டில் மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சீட்டோடு வைத்துவிட்டு ரயிலேறினான். திண்டிவனம் வரை டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. விழுப்புரத்தில் இறங்கினான், காசு போதவில்லை, கொஞ்ச தூரம் ரயில், கொஞ்ச தூரம் நடை. காதுக் கடுக்கனை அடகு வைத்துக் கடைசி டிக்கெட்டை வாங்கினான். திருவண்ணாமலை போய்ச் சேர்ந்த பிறகுதான் கையில் மிஞ்சிய காசைக் குளத்தில் எறிந்தான். ரமண மகரிஷி உலகத்தைத் துறந்தார். ரயில்வேக்குப் பாக்கி வைக்கவில்லை.

மலாயாவிலும் ஒருவர் உண்டு. பத்தமடைக்காரர், டாக்டர் குப்புசாமி. 1913இல் இங்கே வந்து, சிரம்பானுக்குப் பக்கத்தில் தோட்ட ஆஸ்பத்திரியிலும் பிறகு ஜொகூரிலும் பத்து ஆண்டு வைத்தியம் பார்த்தார். கைநிறையச் சம்பளம். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார். அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரானார். அவருக்குத் துறப்பதற்கு ஒரு சம்பளம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் ஊசி போட்ட தோட்டத் தொழிலாளிக்குத் துறக்க என்ன இருந்தது?

1957இல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகு இன்னொரு அட்டை முக்கியமானது. நீல அடையாள அட்டை உள்ளவர் குடிமகன். சிவப்பு உள்ளவர் வெறும் நிரந்தரவாசி. 1969இல் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, இந்த மண்ணிலேயே பால்மரம் வெட்டி முதுகு வளைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறித் திரும்பிப் போனார்கள். அவர்கள் சமூகத்தை நிராகரிக்கவில்லை. சமூகம் அவர்களை நிராகரித்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது அநியாயம். இன்று மெக்சிகோவில் கூட்ஸ் வண்டிக் கூரை மேல் தொற்றி வடக்கே போகும் ஏழைகளும் அமெரிக்கப் பையன் ஏறும் அதே மாதிரி வண்டியில்தான் போகிறார்கள். அவர்களை யாரும் ரயில் தாவிகள் என்று கொண்டாடுவதில்லை.

*

அட்டை செத்த கதை சுருக்கமானது. 1995இல் மின்சார ரயில், கொமுட்டர், ஓடத் தொடங்கியது. டிக்கெட் மெலிந்து, முதுகில் கறுப்புக் காந்தப் பட்டை சுமந்தது. 2001 ஏப்ரலில் கே.எல். சென்ட்ரல் திறந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் தலைமுறையாகச் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த அதே யார்டின் மேல்தான் அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. எல்ஆர்டியில் நீல பிளாஸ்டிக் நாணயம் வந்தது. 1997இல் டோலுக்காகப் பிறந்த டச் அண்ட் கோ அட்டை ரயிலுக்கும் ஏறியது. 'டக்' போய் 'பீப்' வந்தது.

பழைய அட்டைக்குத் தன்னை மட்டுமே தெரியும். புதிய அட்டைக்கு நம்மைத் தெரியும்: எங்கே ஏறினோம், எத்தனை மணிக்கு இறங்கினோம், பையில் எவ்வளவு மிச்சம். மூன்றாம் வகுப்பு அட்டையை வாங்கிக்கொண்டு ஓடிவந்த அந்த மனிதர் இன்று வந்தால், தோட்டத்து ஆபீஸ் கணக்குப் புத்தகம் அவரைக் கே.எல். சென்ட்ரலில் காத்துக்கொண்டிருக்கும். இதை வெறுத்துக் கூட்ஸ் வண்டியில் ஏறுகிறவனின் கோபம் எனக்குப் புரிகிறது. பொய்க் கோபம் அல்ல. ஆனால் டிக்கெட் வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் டிக்கெட் வாங்க வழி இருக்க வேண்டும். வீட்டுக் கதவு திறந்திருப்பவன்தான் வீடு வேண்டாம் என்று பாடலாம். நம் ஆட்கள் அந்த வழிக்கே மூன்று தலைமுறை நடந்திருக்கிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் தைப்பூசம் வந்தால் இரண்டு நாளைக்குக் கொமுட்டரில் கட்டணம் இல்லை என்று அரசாங்கம் அறிவிக்கிறது. கிள்ளானில் மஞ்சள் உடுத்திக் காத்திருப்பார்கள். கே.எல். சென்ட்ரலில் வண்டி மாறும்போது பிரிக்பீல்ட்ஸ் கூட்டமும் பால்குடத்தோடு சேர்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு மலை ஏறியவனைப் பார்க்க, ஊரே டிக்கெட் இல்லாமல் பத்துமலைக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 'வித்தவுட்' என்பார்களே, அது. கேட்பாரும் இல்லை, பிடிப்பாரும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் கதவு மறுபடியும் அட்டை கேட்கிறது. தட்டிவிட்டு வேலைக்குப் போகிறோம்.